பீரங்கி, கோழி, அல்வா: எது கொலை என்று சட்டம் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா?

2024 ஜூலை 1 அன்று நம் நாட்டின் குற்றவியல் சட்டமே மாறியது. 1860-ல் பிறந்த இந்திய தண்டனைச் சட்டம், நம் பேச்சு வழக்கில் இ.பி.கோ., விடைபெற்றது. பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. புத்தம் புதிய அந்தச் சட்டத்தின் 101-வது பிரிவைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு பீரங்கி நிற்கிறது! எந்தக் காரணமும் இல்லாமல் ஒருவன் குண்டு நிரப்பிய பீரங்கியைக் கூட்டத்துக்குள் வெடிக்கிறான். ஒருவர் சாகிறார். செத்தவர் யாரென்றே வெடித்தவனுக்குத் தெரியாது, அவர்மேல் பகையும் கிடையாது. இருந்தாலும் அது கொலைதான் என்கிறது சட்டம். 160 ஆண்டுக்கு மேல் வயதான இந்த உதாரணம் புதுச் சட்டத்துக்குள் அப்படியே குடியேறியிருக்கிறது.

அதற்கு முந்தைய 100-வது பிரிவில் ஒரு கோழி இருக்கிறது, தெரியுமா? கோழியைக் கொன்று திருடிக்கொண்டு போகலாம் என்று ஒருவன் சுடுகிறான். புதருக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. குண்டு பட்டு ஆள் செத்துவிடுகிறார். சுட்டவன் வந்ததே திருட்டுக்காகத்தான். ஆனாலும் அவன்மேல் கொலைப் பழி விழாது! இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? அன்றைய இங்கிலாந்தில் இதே கோழி உதாரணத்துக்கு நேர் எதிரான பதில் எழுதிவைத்திருந்தார்கள். திருட்டு என்ற பெருங்குற்றத்தைச் செய்யப் போய் ஆள் செத்தால், தெரியாமல் நடந்தாலும் அது கொலை, தண்டனை தூக்கு. இந்தியாவுக்குச் சட்டம் எழுத வந்தவர்கள் அதே கோழியை எடுத்து, பதிலை மட்டும் தலைகீழாக்கினார்கள். செத்த உடலை மட்டும் பார்க்காதே, சுட்டவன் மனசுக்குள் என்ன இருந்தது என்று பார். கொலைச் சட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. கண்ணுக்கே தெரியாத மனசை அளக்க மனிதர்கள் எத்தனை எத்தனை அளவுகோல் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அந்த இ.பி.கோ.வை வரைந்த மெக்காலே இந்தியாவில் முதலில் கால் வைத்தது நம் சென்னையில்தான், தெரியுமா? 1834 ஜூனில் கப்பலை விட்டு இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் இருந்தார். அவரைப் பார்க்க ஆள்களின் தோளில் பல்லக்கிலேயே மலையேறினார் மெக்காலே. பிறகு கல்கத்தாவில் முதல் சட்ட ஆணையத்துக்குத் தலைமை ஏற்று 1837-ல் வரைவைக் கொடுத்தார். அது சட்டமானது 1860-ல். மெக்காலே இறந்தது 1859 டிசம்பரில்! தான் எழுதிய சட்டம் நிறைவேறுவதை அவர் பார்க்கவே இல்லை. 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த அது சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, பர்மா என்று பரவியது. சிங்கப்பூரில் இன்றைக்கும் கொலையை வரையறுக்கும் பிரிவின் எண் 300. இ.பி.கோ.வில் இருந்த அதே எண்!

சரி, எது கொலை? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒருவர் செய்த செயலால் இன்னொருவர் செத்துவிட்டால் உடனே அது கொலை ஆகிவிடாது. முதலில் பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது: குற்றமான முறையில் மரணம் விளைவித்தல். அந்த வட்டத்துக்குள் இருக்கும் சின்ன வட்டம்தான் கொலை. உள்ளே போக நான்கு வழிகள். சாகட்டும் என்றே செய்வது முதல் வழி. இந்த ஆளுக்கு இந்த அடியே போதும், செத்துவிடுவார் என்று தெரிந்து அடிப்பது இரண்டாவது. இயற்கையாகவே உயிரைப் போக்கப் போதுமான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்துவது மூன்றாவது. நான்காவது அந்தப் பீரங்கி.

இரண்டாவது வழியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நோயாளி ஒருவர். நல்ல உடம்புக்காரரைச் சாகடிக்காத ஒரு குத்து அவரைச் சாகடித்துவிடும். அந்த நோய் தெரிந்தே குத்தினால் கொலை. நோய் இருப்பதே தெரியாமல், சாகடிக்கும் எண்ணமும் இல்லாமல் அதே குத்தை விட்டால் கொலை இல்லை. குத்தும் ஒன்று, உடம்பும் ஒன்று, சாவும் ஒன்று. மாறியது குத்தியவன் தலைக்குள் இருந்த ஒரு தகவல் மட்டுமே!

மூன்றாவது வழிதான் இருப்பதிலேயே கடினமானது. 1958-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் பஞ்சாப் வழக்கு ஒன்று வந்தது. விர்சா சிங் வழக்கு. வயிற்றில் ஒரே ஓர் ஈட்டிக் குத்து. குத்துப்பட்டவர் மறுநாள் இறந்தார். சாகடிக்கும் எண்ணம் இருந்ததாக நிரூபணம் இல்லை, ஆகவே கொலை இல்லை என்று வாதிட்டார்கள். நீதிபதி விவியன் போஸ் தந்த பதில் சட்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். சாகடிக்க நினைத்தாயா என்பது இங்கே கேள்வி இல்லை. அந்த இடத்தில் அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினாயா? கை தவறிப் பட்டதா, குறிவைத்துக் குத்தியதா? குறிவைத்துத்தான் என்றால் அடுத்த கேள்வி உன் மனசைப் பற்றியது இல்லை, மருத்துவத்தைப் பற்றியது: அந்தக் காயம் இயற்கையாகச் சாவைத் தரப் போதுமானதா? போதும் என்றால் கொலை. பஞ்சாப் கிராமத்தில் விழுந்த அந்த ஒற்றைக் குத்தைப் பற்றிய தீர்ப்பை சிங்கப்பூர் நீதிமன்றங்களும் பின்பற்றியிருக்கின்றன. அதன்படி அங்கே மனிதர்கள் தூக்குமேடை வரை போயிருக்கிறார்கள்.

இந்த வட்டக் கணக்கு சில நேரம் நெஞ்சை அடைக்கவும் செய்யும். 1876-ல் பம்பாயில் வந்த கோவிந்தா வழக்கு. கணவனுக்கு 18 வயது, மனைவிக்கு 15. உதைத்துத் தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் மூடிய கையால் குத்தினான். அந்தச் சிறுமி இறந்தாள். சாகடிக்கும் எண்ணம் இல்லை, காயமும் சாதாரணமாகச் சாவைத் தரக்கூடியது இல்லை, ஆகவே கொலை இல்லை என்று நீதிபதி மெல்வில் தீர்ப்பளித்தார். இரண்டு வட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாக விளக்கிய தீர்ப்பு வேறில்லை என்று இன்றும் வகுப்புகளில் சொல்கிறார்கள். தெளிவுதான். ஆனால் அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணை நினைக்காமல் என்னால் அதைப் படிக்க முடிந்ததில்லை.

இப்போது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வாருங்கள். மனசை அளக்கும் கலையில் உலகமே திரும்பிப் பார்க்கும் மூன்று வழக்குகள் இங்கே நடந்திருக்கின்றன.

முதல் வழக்கு 1912, அல்வா வழக்கு! அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் சூரியநாராயண மூர்த்தி என்பவர் ஒருவரின் உயிருக்குக் காப்பீடு எடுத்துவைத்தார். பணம் வரவேண்டுமானால் அந்த ஆள் சாக வேண்டும். அல்வாவில் ஆர்சனிக்கும் பாதரசமும் கலந்து கொடுத்தார். வாங்கியவர் கொஞ்சம் தின்றார், ருசி பிடிக்கவில்லை, மீதியைத் தூர எறிந்துவிட்டார். எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, விஷம் வைத்தவரின் உறவுக்காரக் குழந்தைதான், எறிந்த அல்வாவை எடுத்துத் தின்றாள். யாருக்கு வைத்த விஷமோ அவர் பிழைத்துக்கொண்டார். குழந்தை நான்காம் நாள் இறந்துபோனாள்.

குழந்தையைக் கொல்ல அவர் கனவிலும் நினைக்கவில்லையே, இது கொலையா? நீதிபதிகளே பிரிந்துபோனார்கள். பென்சன் கொலை என்றார். சுந்தர ஐயர் இல்லை என்றார். அல்வா எறியப்பட்டதும் எடுக்கப்பட்டதும் மற்றவர்கள் செய்த செயல்கள், அதற்குக் குற்றம்சாட்டப்பட்டவர் எப்படிப் பொறுப்பாவார் என்பது அவர் கேள்வி. மூன்றாவதாக வந்த நீதிபதி ரஹீம், கொலைதான் என்று முடித்துவைத்தார். நாடுகடத்தி ஆயுள் தண்டனை. கொல்லும் எண்ணம் ஒருவர்மேல், சாவு இன்னொருவருக்கு என்றாலும் எண்ணம் கூடவே பயணப்பட்டு வந்துவிடும் என்பது சட்டம். இ.பி.கோ.வில் 301, இப்போது 102. விஷத்தை உருட்டிவைத்த கை அது யார் வாய்க்குப் போகும் என்று தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டாவது வழக்கைக் கேட்டால் தலை சுற்றும். 1919, பழனிக் கவுண்டன் வழக்கு. மனைவியின் தலையில் கலப்பையின் கொழுவால் ஓர் அடி. அவர் மயங்கி விழுந்தார். செத்தேபோய்விட்டார் என்று நினைத்தான் கணவன். பயம். தற்கொலை என்று காட்டிவிடலாம் என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். ஆனால் அவர் அப்போது உயிரோடு இருந்தார்! கழுத்தில் இறுகிய கயிறுதான் உயிரைக் குடித்தது.

அடித்தபோது சாகடிக்கும் எண்ணம் நிரூபணமாகவில்லை. தொங்கவிட்டபோது அவன் மனசில் இருந்தது ஒரு பிணம். பிணத்தைக் கொல்ல யாரும் நினைக்க முடியாது. அடித்த இடத்தில் சாவு இல்லை, சாவு நடந்த இடத்தில் எண்ணம் இல்லை. முழு அமர்வு கூடி விவாதித்து, இது கொலையும் இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்தலும்கூட இல்லை என்று முடிவுசெய்தது. கொடுங்காயம் ஏற்படுத்திய குற்றத்துக்குத்தான் தண்டனை. நூறு ஆண்டு கடந்தும் சட்டக் கல்லூரி வகுப்புகளில் இதைப் பற்றிய சண்டை ஓயவில்லை.

அதே நீதிமன்றத்துக்கு 1933-ல் வந்த காளியப்பக் கவுண்டன் வழக்கிலும் ஏறக்குறைய அதே கதைதான். ஒரு பெண்ணைத் தாக்கி, இறந்துவிட்டார் என்று எண்ணித் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உயிரை எடுத்தது ரயில். ஆனால் இந்தமுறை தீர்ப்பு கொலை! ஏன்? இவர்கள் முதலிலிருந்தே கொல்லத் திட்டம் போட்டிருந்தார்கள். தாக்கியதும் தண்டவாளத்தில் போட்டதும் ஒரே திட்டத்தின் இரண்டு துண்டுகள். பழனிக் கவுண்டனிடம் அந்தத் தொடக்க எண்ணம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஒரு மனிதனின் கழுத்து இருக்கிறது.

கோபம் வந்து கொன்றால்? திடீரென்று, கடுமையாகச் சினமூட்டப்பட்டு, தன்வசம் இழந்த நிலையில் கொன்றால் அது கொலை என்பதிலிருந்து ஒரு படி இறங்கும். ஆனால் எல்லாக் கோபத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. சட்டமே ஒரு மூக்கைக் காட்டி இதைச் சொல்லிக்கொடுக்கிறது, தெரியுமா? ஒருவன் இன்னொருவர் மூக்கைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறான். அவர் தற்காப்புக்காக இவனைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்ததால் இவனுக்கு வெறி ஏறி அவரைக் கொன்றுவிடுகிறான். இது கொலைதான். தன்னைக் காத்துக்கொள்ள ஒருவர் செய்ததைச் சினமூட்டல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சினம் எத்தனை நேரம் சூடாக இருக்கும்? கடற்படை அதிகாரி நானாவதி வழக்கு இந்தக் கேள்வியைத்தான் நாட்டுக்கே கேட்டது. 1959 ஏப்ரல் 27, பம்பாய். மனைவி வேறொருவரை நேசிப்பதாகச் சொன்னதைக் கேட்டார். மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ தியேட்டரில் படத்துக்கு இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய் ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கினார். பிறகு மனைவி நேசித்த பிரேம் அகுஜாவின் வீட்டுக்குப் போய் அவரைச் சுட்டார். ஜூரி 8-க்கு 1 என்று விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. 1961-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. கேட்டதற்கும் சுட்டதற்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரம்! சினம் ஆறிச் சிந்திக்க அந்த நேரம் போதும் என்றது நீதிமன்றம். கடைசியில் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட்டின் மன்னிப்பு அவரை வெளியே கொண்டுவந்தது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது.

நம் ஊரில் அதற்கு ஏழு ஆண்டு முன்பே ஒரு வழக்கு நாட்டை உலுக்கியிருந்தது. 1952, ஆளவந்தார் கொலை வழக்கு. இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸின் டிரங்குப் பெட்டி ஒன்றிலிருந்து நாற்றம் வந்து, மானாமதுரையில் திறந்து பார்த்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. மருத்துவர்கள் இரண்டையும் பொருத்தி, இறந்தவர் சென்னை வியாபாரி ஆளவந்தார் என்று நிறுவினார்கள். நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன் வழக்கு நடந்தது. தண்டனை? குற்றம்சாட்டப்பட்ட தம்பதியில் கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு. தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை. உடலை வெட்டியது எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் அது உயிர் போன பிறகு நடந்தது. உயிர் போன நொடியில் மனசு என்ன நிலையில் இருந்தது என்பதுதான் கணக்கு.

கையை நீட்டாமலே கொலை செய்யலாம் என்பது தெரியுமா? இரண்டு சிறைக்காவலர்கள் மாறி மாறிக் காவல் இருக்கிறார்கள். கைதியைச் சாகடிக்க நினைத்து, தங்கள் முறையில் சோறு கொடுக்காமல் விடுகிறார்கள். பட்டினியில் கைதி இறக்கிறார். இருவருமே கொலைகாரர்கள் என்று சட்டமே உதாரணம் தருகிறது. 1961-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. மனைவியை வீட்டுக்குள் அடைத்துப் பட்டினி போட்ட கணவன். எலும்பும் தோலுமாக அவர் எப்படியோ தப்பி மருத்துவமனைக்கு வந்து பிழைத்தார். அந்தக் கணவனுக்குக் கொலை முயற்சிக் குற்றம்! சோற்றுத் தட்டை நிறுத்திவைத்ததையும் கத்தி வீச்சுக்குச் சமமாகப் பார்த்த அந்தத் தீர்ப்பை நான் கும்பிடுகிறேன்.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் சாவு, கொலை வரையறைக்குள் வராது; அதற்குத் தனிப் பிரிவுகள். ஆனால் பிரசவத்தில் குழந்தையின் ஏதோ ஒரு பாகம் வெளியே வந்துவிட்டால் போதும், மூச்சு விட்டிருக்கவே வேண்டாம், அது மனித உயிராகிவிடுகிறது! காயம்பட்டவரை நல்ல மருத்துவம் காப்பாற்றியிருக்கும் என்று வாதாடித் தப்பவும் முடியாது. காயப்படுத்தியவனே சாவுக்குக் காரணம் என்று சட்டம் அழுத்தமாகச் சொல்கிறது.

பேயைக் கொன்றால்? சிரிக்காதீர்கள், இது உண்மையாகவே நடந்தது. ஒரிசாவில் கைவிடப்பட்ட ஒரு விமானத் தளம். பழைய விமான இரும்பு வாங்க கல்கத்தாவிலிருந்து ஒருவர், தன் நேபாளி வேலைக்காரருடன் வந்தார். அங்கே பேய் உலாவுவதாக ஊரெல்லாம் பேச்சு. இரவில் போய்ப் பார்த்தார்கள். தூரத்தில் விளக்கு ஆடியது, சுற்றிலும் உருவங்கள் அசைந்தன. வேலைக்காரர் குக்ரிக் கத்தியோடு பாய்ந்து வெட்டினார். அங்கே இருந்தது லாந்தர் வைத்துக்கொண்டு இலுப்பைப் பூப் பொறுக்கிய ஆதிவாசிப் பெண்கள். ஒருவர் இறந்தார். அவருடைய விடுதலையை ஒரிசா உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. வெட்டியது மனிதரை இல்லை, பேயை என்று அவர் மனதார நம்பினார் என்பதே காரணம். விடிகாலைப் பூவுக்காக இருட்டிலேயே வந்த அந்தப் பெண்ணுக்கு எந்தச் சட்டம் என்ன பதில் சொல்லும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

சோழர் காலத்திலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது, தெரியுமா? வேட்டையில் விலங்கென்று எய்த அம்பு ஆள்மேல் பாய்ந்து சாவு நேர்ந்தால், ஊரும் நாடும் கூடி விசாரித்து, அறியாமல் செய்ததால் இவன் சாக வேண்டாம், கோவிலில் நந்தா விளக்கு எரிக்கட்டும் என்று முடிவுசெய்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. விளக்குக்கு நெய் தர ஆடு கொடுக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. கிழடு தட்டும் ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் நிற்பதால் அவை சாவதில்லை, மூப்பதும் இல்லை. இறந்தவர் பெயரில் அணையாத விளக்கு! எண்ணத்தோடு செய்த கொலைக்கு முகம் வேறு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்கள் பறிமுதலான செய்தி காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் இன்றும் இருக்கிறது.

பாம்பும் கொலைக் கருவி ஆகலாம். 2020-ல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவிமேல் கணவன் நாகப்பாம்பை விட்டுக் கடிக்கவைத்தான். தானாகக் கடித்த பாம்பா, கடிக்கவைத்த பாம்பா? புலனாய்வுக் குழு உயிருள்ள பாம்பை வைத்தே சோதித்துப் பார்த்தது. தலையைப் பிடித்து அழுத்தும்போது பற்களின் இடைவெளி அகலமாகிறது! உடலில் இருந்த தடமும் அப்படியே அகலமாக இருந்தது. 2021 அக்டோபரில் இரட்டை ஆயுள் தண்டனை.

பேச முடியாதவரின் மரண வாக்குமூலம் செல்லுமா? செல்லும். 1885-லேயே அலகாபாத் முழு அமர்வு சொல்லிவிட்டது. கழுத்து அறுபட்ட இளம்பெண் ஒருத்தி. குரல் போய்விட்டது. வெட்டியவர் யார் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்கக் கேட்க, கை அசைவால் பதில் சொன்னாள். அந்தக் கை அசைவு சாட்சியமானது.

தண்டனைக்கு வருவோம். முன்னூற்றிரண்டு என்றால் கொலை என்று நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இனி அந்த எண்ணுக்கு அந்தப் பொருள் இல்லை. புதுச் சட்டத்தில் 302 என்றால் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது! கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு இருந்த 304, இப்போது சங்கிலிப் பறிப்பு போன்ற பறிப்புத் திருட்டுக்கு. கொலைக்குத் தண்டனை 103-ல்: மரணம் அல்லது ஆயுள், கூடவே அபராதம். அதற்குக் கீழே எதுவும் கிடையாது. ஆனால் 2024 ஜூன் 30 வரை நடந்த கொலைகளுக்குப் பழைய 302-தான். அந்த எண் இன்னும் பல ஆண்டு கோர்ட்டுகளில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

103-ன் இரண்டாவது உட்பிரிவு முற்றிலும் புதியது. இனம், சாதி, சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, நம்பிக்கை போன்ற காரணத்தால் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து கொன்றால் ஒவ்வொருவருக்கும் மரணம் அல்லது ஆயுள். கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதற்கு இதுவரை தனிப் பிரிவே இல்லாமல் இருந்தது என்பது எனக்கு ஆற்றாமைதான். அலட்சியத்தால் நேரும் சாவுக்கு இருந்த 2 ஆண்டு உச்ச தண்டனை 5 ஆண்டாக உயர்ந்தது. விபத்தில் ஆளைக் கொன்றுவிட்டுச் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை என்ற உட்பிரிவு, லாரி ஓட்டுநர்கள் போராடியதால், சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது.

ஒரு பெரிய திருப்பம் சொல்கிறேன். 1955-க்கு முன்னால் கொலைக் குற்றவாளிக்குத் தூக்கு விதிக்காவிட்டால், ஏன் விதிக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும்! தூக்குதான் வழக்கம், ஆயுள் விதிவிலக்கு. 1973-ன் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாகப் புரட்டியது. தூக்கு விதித்தால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டுமே தூக்கு என்று வாசலை இன்னும் குறுக்கியது. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு மட்டுமே என்றிருந்த 303-வது பிரிவை 1983-ல் மித்து வழக்கில் செல்லாது என்று அடித்தது. எந்த மனிதரின் கதையையும் கேட்காமல் தூக்குக் கயிற்றை நீட்டச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் நிற்காது என்பதே அதன் பொருள்.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இல்லவே இல்லை! கோபால் கோட்சே வழக்கில் 1961-லேயே சொல்லியாகிவிட்டது: ஆயுள் என்றால் உயிர் இருக்கும் வரை. 14 ஆண்டு என்பது, மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில், அரசு நினைத்தாலும் அதற்கு முன் தண்டனையைக் குறைத்து விடுவிக்க முடியாது என்று 1978-ல் வந்த கீழ் எல்லை. 2008-க்குப் பிறகு 20, 25, 30 ஆண்டு வரை விடுதலையே கிடையாது என்று எழுதும் வழக்கமும் வந்தது. அது சரி என்று 2015-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் தொடர்பான வழக்கில்தான்.

தூக்குத் தண்டனை பெற்றவர் மேல்முறையீடே செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் தூக்கிலிட முடியாது. கர்ப்பிணிக்குத் தூக்கு கிடையாது. ஆயுளாக மாற்றியாக வேண்டும். காத்திருப்பும் ஒரு தண்டனைதான் என்று உச்ச நீதிமன்றம் முதலில் உரக்கச் சொன்னது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில். 1983, வைத்தீஸ்வரன் வழக்கு. எட்டு ஆண்டு தூக்கு நிழலிலேயே இருந்தவரின் தண்டனையை நீதிபதி சின்னப்ப ரெட்டி ஆயுளாக மாற்றினார். இரண்டு ஆண்டு தாமதமே போதும் என்ற அவர் கணக்கை 1989-ல் பெரிய அமர்வு ஏற்கவில்லை. ஆனால் விதை விழுந்துவிட்டது. 2014 ஜனவரியில் கருணை மனு முடிவாகாமல் தாமதமானது உள்ளிட்ட காரணங்களால் ஒரே தீர்ப்பில் 15 பேரின் தூக்கு ஆயுளானது.

கடைசியாக ஒன்று. 1944 நவம்பர் 8, சென்னை வேப்பேரி. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்துப் பட்டு மறுநாள் இறந்தார். தமிழ்நாட்டின் உச்ச நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அவர்கள் கத்தியைத் தொட்டதாக யாரும் சொல்லவில்லை. சதி என்பதுதான் குற்றச்சாட்டு. கொலைக்குத் தூண்டியவருக்கும் குத்தியவருக்கு உரிய தண்டனையே. ஜூரி குற்றவாளி என்றது, 1945-ல் ஆயுள் முழுக்க நாடுகடத்தல். தூக்குக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. கைதாவதற்குச் சில வாரங்களுக்கு முன் தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ஹரிதாஸ், அவர் கம்பிக்குள் இருந்த காலத்திலும் பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளி பார்த்தது அந்தப் படம். திரையில் அவர் பாடிக்கொண்டிருந்தார்.